யூஸ்நெட்டில் ஸ்பாமை அளந்த வர்க்கமூலம்

யூஸ்நெட் என்பது பல சர்வர்களில் பரவிக் கிடக்கும் விவாதக் குழுக்களின் (நியூஸ்குரூப்களின்) வலை; அதற்குத் தலைமையகம் கிடையாது. ஒரு சர்வரில் விழும் பதிவை அது பக்கத்துச் சர்வர்களுக்குத் தள்ளும், அவை அடுத்தவற்றுக்கு. 1994 ஏப்ரலில் அரிசோனா வழக்கறிஞர் இருவர் கிரீன் கார்டு லாட்டரி விளம்பரத்தை ஆயிரக்கணக்கான நியூஸ்குரூப்களில் கொட்டியபோது, நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாரிடமும் இல்லை.

எது ஸ்பாம் என்று முடிவு செய்ய சர்வர் நிர்வாகிகள் பிடித்துக்கொண்ட அளவுகோல், சேத் பிரெய்ட்பார்ட் வகுத்த கணக்கு. ஒரே சரக்கின் ஒவ்வொரு பிரதியும் எத்தனை குழுக்களுக்குப் போனது என்று பார்த்து, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை எடுத்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். 45 நாளுக்குள் கூட்டுத்தொகை 20-ஐத் தொட்டால் நீக்கலாம். ஒரே பதிவை 9 குழுக்களுக்குச் சேர்த்து அனுப்பினால் 3 தான். 9 தனிப் பதிவுகளாகப் போட்டால் 9. சேர்த்து அனுப்பியது டிஸ்கில் ஒரே பிரதியாகக் கிடக்கும். ஒரு குழுவில் படித்துவிட்டால் மற்றவற்றில் பொதுவாகத் தலைகாட்டாது. தனிப் பதிவுகளோ ஒவ்வொரு தடவையும் இடத்தையும் நேரத்தையும் தின்னும். பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்பது கணக்கிலேயே வராது. விளம்பரமோ வேதவாக்கியமோ, 20 என்றால் 20. தணிக்கை என்ற புகாருக்கு இதைவிட நல்ல பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

கோளாறு இருந்தது பதிவை நீக்கும் கருவியில்தான். மூலப் பதிவின் மெசேஜ் ஐடியை (ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள தனி அடையாளத்தை) குறிப்பிட்டு 'கேன்சல்' செய்தி அனுப்பினால், சர்வர்கள் அந்தப் பதிவை அழிக்கும். எழுதியவர் மட்டும் அனுப்புவதற்காக வந்த வசதி இது. ஆகவே ஸ்பாமை நீக்குபவர் ஸ்பாமரின் பெயரிலேயே அனுப்ப வேண்டியிருந்தது; தான் யார் என்பதைத் தனி ஹெடரில் (பதிவின் தலையில் வரும் விவர வரியில்) சொல்வது மரபு. செய்தி கடந்து வந்த சர்வர்களின் பெயர்களைச் சொல்லும் பாதை ஹெடரில் 'சைபர்ஸ்பாம்' என்ற சொல்லையும் சேர்ப்பார்கள். இந்தத் துப்புரவு வேண்டாம் என்பவர் தன் சர்வருக்கு அதையே மாற்றுப்பெயராக்கினால் போதும்: செய்தி ஏற்கெனவே அங்கே போய்விட்டதாகக் கொள்ளப்பட்டு, அது அங்கே சேராது.

ஸ்பாமருக்கு இடம் கொடுத்த சர்வரையே தண்டிப்பதும் உண்டு. 1997 ஆகஸ்டில் யூயூநெட் என்ற இணையச் சேவை நிறுவனத்திலிருந்து கிளம்பிய பதிவுகள் சில நாள் நீக்கப்பட்டன.

நல்லவர் பொய்ப்பெயரில் நீக்க முடிந்தால் விஷமியாலும் முடியும். அடுத்தவர் பதிவுகளைக் கொத்துக்கொத்தாக அழித்தார்கள். பல சர்வர்கள் கேன்சலையே அணைத்துவிட்டன. 2018-இல் வெளியான 'கேன்சல்-லாக்' தரம் இதற்குப் பூட்டு போடுகிறது. பதிவில் ஒரு ரகசியத்தின் ஹேஷ் (அதிலிருந்து ரகசியத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாத சுருக்கக் குறி) மட்டும் இருக்கும். நீக்க வருபவர் ரகசியத்தைக் காட்ட வேண்டும். சர்வர் நிர்வாகியும் தன் பூட்டைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆகவே ஸ்பாம் கிளம்பிய சர்வரின் நிர்வாகி மனம் வைத்தால் நீக்கலாம்.