அந்த இரண்டு கிலோ எங்கே போனது?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எடை குறைக்கும் மூலிகை டீ ஒரு வாரம் குடித்தேன், இரண்டு கிலோ குறைந்தது. நிறுத்தியதும் ஏறிவிட்டதே, ஏன்? பிரஷர் மாத்திரை சாப்பிடும் அம்மாவுக்குக் கொடுக்கலாமா?"

பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். இந்த வகை டீ பலவற்றில் சென்னா இருக்கும். வேறொன்றுமில்லை, நம் நிலவாகைதான். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் விளைந்து உலகமெங்கும் போகிறது. மலச்சிக்கலுக்கு நாட்டு மருந்துக் கடையில் சூரணமாகவே கிடைக்கும்.

இது வேலை செய்யும் விதம் அழகானது. இதிலுள்ள சென்னோசைடு மூலக்கூறில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது. அதை வெட்டும் நொதி நம்மிடம் இல்லை. அதனால் இரைப்பை, சிறுகுடல் எல்லாம் தாண்டிப் பெருங்குடல் வரை சும்மா போகிறது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சர்க்கரையைக் கழற்றிவிடுகின்றன. அப்புறம்தான் அது மருந்தாகிறது. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குச் சென்னோசைடு கொடுத்துப் பார்த்தார்கள், கடும் பேதி ஆகவில்லை. உரிய பாக்டீரியாவைக் குடலில் குடியேற்றியதும் ஆனது! இரவு குடித்தால் காலையில் வயிறு கலக்குவதும் இந்த 6 முதல் 12 மணி நேரப் பயணத்தால்தான்.

பெருங்குடல் வேகமாக அசைகிறது, நீரை உறிஞ்சாமல் விடுகிறது. ஆனால் சாப்பிட்ட இட்லியின் மாவும் எண்ணெயும் முன்பே சிறுகுடலில் உடம்புக்குள் போயாயிற்று. குறைந்தது பெரும்பாலும் தண்ணீர், கொழுப்பு அல்ல.

இதைவிட எனக்குக் கவலை தருவது சிபுட்ரமின். பசியை அடக்கும் இந்த மருந்து மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டியதால் 2010 இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனை நின்றது. 2011 இல் இந்தியா தடை செய்தது. அதன் பிறகும் வெளிநாடுகளில் 'மூலிகை' டீ, காபிகளில் லேபிளில் சொல்லாமல் கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. நாக்குக்குத் தெரியாது, கலவையைப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராபி கருவிக்குத்தான் தெரியும். மூலிகை என்றாலே கெடுதல் இல்லை என்று நம்பும் ஊரில், கடலூர் கடைத்தெருவில் எடுத்த பாக்கெட்டையும் அடிக்கடி சோதிக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும்.

அம்மாவுக்கு வேண்டாம். பேதியோடு பொட்டாசியமும் போகும். பிரஷருக்குத் தரும், சிறுநீரைக் கூட்டும் மாத்திரைகள் சிலவும் அதையே வெளியேற்றும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். ஏற்கெனவே குடித்திருந்து படபடப்போ கால் தளர்ச்சியோ இருந்தால், அந்தப் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு இன்றே டாக்டரிடம் போங்கள்.