நகைப் படம் தெளிவாக விழ அபெர்ச்சரை மூடாதீர்கள்

நகை படம் எடுக்கப் போனால் கடைக்காரர் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "முன்னால இருக்கிற கல்லும் தெரியணும், பின்னால இருக்கிற திருகும் தெரியணும்." கேட்பதில் தப்பில்லை. ஒரே படத்தில் அது கிடைக்காது, அவ்வளவுதான்.

ஃபுல் ஃபிரேம் கேமராவில் மேக்ரோ லென்ஸை 1:1 வரை (நகை தன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும் வரை) நெருக்கி, அபெர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துவாரத்தை, எஃப்/8-இல் வைத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். பல மோதிரங்களில் கல்லின் உயரமே அதைத் தாண்டும். உடனே பலர் எஃப்/22 வரை மூடிவிடுகிறார்கள்; எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சிறிதாகும். ஆழம் கூடுவது உண்மைதான். ஆனால் அந்த நெருக்கத்தில் அது கிட்டத்தட்ட எஃப்/44-க்குச் சமம். அவ்வளவு சிறிய துவாரத்தில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதும் மழுங்கிவிடும். அப்புறம் மென்பொருளில் விளிம்புகளைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங்கை ஏற்றி, தங்கத்தின் மேல் மணல் தூவினது போல ஆக்கிவிடுவார்கள்.

சரியான வழி ஃபோகஸ் ஸ்டாக்கிங். எஃப்/8-இலேயே நின்று, நகையின் முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை மட்டும் மென்பொருளால் சேர்ப்பது. 15 மில்லிமீட்டர் ஆழமுள்ள ஜிமிக்கிக்கு 0.7 மில்லிமீட்டர் வீதம் நகர்த்தினால் இருபதுக்கு மேல் படங்கள் வேண்டும். அடுத்தடுத்த படங்களின் தெளிவான பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும். இடைவெளி விட்டால் நடுவில் மங்கலான பட்டைகள் விழும். 2017-இல் வந்த நிக்கான் டி850 போன்ற கேமராக்கள் ஃபோகஸைத் தாமே நகர்த்தும். சேர்ப்பதற்கு ஃபோட்டோஷாப் போதும்; நகை வேலையே தொழில் என்றால் ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் இரண்டில் ஒன்றை வாங்கலாம். ட்ரைபாட், மேனுவல் எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவை நாமே நிலையாக வைப்பது), நிலையான ஒயிட் பேலன்ஸ் (நிறச் சாயல் மாறாமல் வைப்பது) கட்டாயம். ஜிமிக்கி தொங்கினால் ஃபேனையும் ஏசியையும் நிறுத்துங்கள். ஃபிளாஷ் முழுதாகச் சார்ஜ் ஏறும்வரை பொறுங்கள், இல்லாவிட்டால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும்.

எல்லாப் படத்திலும் மங்கலாக இருக்கிற இடத்தை எந்த மென்பொருளாலும் தெளிவாக்க முடியாது. கை ஆடி எடுத்த படங்களை அனுப்பி "சேர்த்துக் கொடுங்க" என்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

இனி ஏமாறக்கூடிய இடம். ஃபோகஸ் நகரும்போது பொருளின் அளவு படத்தில் சற்றே மாறும். அதைச் சமன்செய்ய மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பொருத்துகிறது. சென்சாரில் ஒட்டிய ஒரே ஒரு தூசி இதனால் வரிசையான புள்ளிகளாக நீளும். தங்கத்தின் மேல் அது கீறல் மாதிரியே தெரியும். மெருகேற்றிய பரப்பில் தெரியும் பிரதிபலிப்பு வேறு ஆழத்தில் ஃபோகஸ் ஆவதால், சில இடங்களில் விளிம்பு இரட்டையாக விழும். கல்லைக் கவ்வி நிற்கும் முனைகளைச் சுற்றி மங்கலான வளையமும் வரும். இதையெல்லாம் துடைக்கிற வேகத்தில் நிஜக் கீறலையும் துடைத்துவிட்டால், வாங்குகிறவர் பார்ப்பது வேறு நகை. எனவே துடைப்பதற்கு முன் மூலப் படங்களைத் திறந்து ஒப்பிடுங்கள். கடைக்கு ஒரு சேர்க்காத படத்தையும் கூடவே கொடுத்துவிடுவது என் வழக்கம்.

ஹால்மார்க் முத்திரைக்கு ஸ்டாக்கிங் வேண்டாம். இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் கட்டாயமான ஹெச்யூஐடியை, அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்கக் குறியீட்டை, வாங்குகிறவர் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்ப்பார். முத்திரை உள்ள பரப்பைச் சென்சாருக்கு இணையாக வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரே படம் எடுத்தால் எழுத்துகள் தெளிவாக விழும்.