ஃப்ளாப்பி: கெட்டி ஓட்டுக்குள் தொளதொள வட்டு

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய மிக்ஸி மோட்டாருக்கும் உடைந்த கீபோர்டுக்கும் நடுவே ஒரு அட்டைப்பெட்டி நிறைய, பழைய கம்ப்யூட்டர்களில் தகவலைச் சேமித்துவைக்கப் பயன்பட்ட மூன்றரை அங்குல ஃப்ளாப்பிகள் கிடந்தன. "அண்ணே, இது எவ்வளவு?" என்று கேட்டேன்.

"எது, அந்த ஹார்ட் டிஸ்க்கா?"

"ஹார்ட் டிஸ்க் இல்லண்ணே, ஃப்ளாப்பி."

அவர் ஒன்றை எடுத்து நகத்தால் சுண்டிக் காட்டினார். டொக், டொக். "எவ்ளோ கெட்டியா இருக்கு பாருங்க. ஹார்டுன்னா கெட்டிதானே சார்?"

அவரைக் குறை சொல்ல முடியாது. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் கிளாஸ் போனவர்களில் பலரும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். ஐந்தேகால் அங்குல வட்டு வளைகிறது, அதனால் ஃப்ளாப்பி. மூன்றரை வளையவில்லை, அதனால் ஹார்ட். பெயரைப் பார்த்துப் பொருளைப் புரிந்துகொள்ள நினைத்தவர்களைப் பெயரே ஏமாற்றிவிட்டது. நான் பழைய கம்ப்யூட்டர்களையும், வட்டைச் செருகிப் படிக்கிற அவற்றின் டிரைவ்களையும் சரிபண்ணி ஓடவைப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறவன். இந்தப் பெயர்க் குழப்பத்தோடு எனக்கு வாரம் ஒருமுறையாவது சண்டை.

முதலில் ஃப்ளாப்பி. ஆங்கிலத்தில் 'ஃப்ளாப்' என்பது ஒலிக்குறிப்பில் பிறந்த சொல். நம்முடைய 'தொப்', 'பொத்' மாதிரி. தொப்பென்று விழுவது ஃப்ளாப். விழுந்து எழாத சினிமாவும் ஃப்ளாப். கோடம்பாக்கத்தில் ஒரு நூறு முறை உச்சரிக்கப்பட்ட அந்த ஃப்ளாப்பும் நம் ஃப்ளாப்பியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான். நிமிர்ந்து நிற்காமல் துவண்டு தொங்குவதெல்லாம் ஃப்ளாப்பி. தமிழில் இதற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும் சொல் 'தொளதொள'. தையல்காரரிடம் திருப்பிக் கொடுக்கிற சட்டைக்குச் சொல்வோமே, அதேதான். கலைச்சொல் ஆக்கியவர்கள் 'தொளதொள வட்டு' என்று வைக்கவில்லை. வைத்திருந்தால் சந்தைக்காரருக்கு ஒரு நொடியில் புரிந்திருக்கும்.

பெயர் வந்த காலத்தில் அதில் பொய் இல்லை. 1971-இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் வட்டு 8 அங்குல அகலம். சிஸ்டம்/370 பெருங்கணினியை எழுப்பும்போது அதற்குள் ஏற்றவேண்டிய நுண்கட்டளைகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் வேலை. ஓரத்தைப் பிடித்து ஆட்டினால் அப்பளம் மாதிரி துவளும். ஐபிஎம் தன் விற்பனைப் பெயராக 'டிஸ்கெட்' என்பதை வைத்துக்கொண்டது, குட்டி வட்டு என்ற பொருளில். ஆனால் கையில் பிடித்தவர்கள் வைத்த பட்டப்பெயர்தான் நின்றது. 1976-இல் ஷுகார்ட் நிறுவனம் ஐந்தேகால் அங்குலத்தைக் கொண்டுவந்தது. அதுவும் வளைந்தது. 1981-இல் சோனி மூன்றரை அங்குலத்தைக் கெட்டியான பிளாஸ்டிக் ஓட்டுக்குள் வைத்து, மேலே ஒரு தகரக் கதவும் போட்டது. அன்றிலிருந்து வெளியே தொட்டால் பெயர் பொய், உள்ளே போனால் உண்மை.

பின்லாந்துக்காரர்கள் இந்தச் சிக்கலை நேராகத் தீர்த்தார்கள். ஐந்தேகாலுக்கு 'லெர்ப்பு', அதாவது துவள்வது. மூன்றரைக்கு 'கோர்ப்பு'. கோர்ப்பு என்றால் ரஸ்க். டீயில் தோய்க்கிற அதே ரஸ்க்! ஓட்டைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், சுலபமாகப் போயிற்று.

அடுத்தது டிஸ்க். கிரேக்கத்தில் 'டிஸ்கோஸ்' என்றால் விளையாட்டில் வீசி எறிகிற வட்டு. லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குள் போய் அது பல வேஷம் போட்டது. சாப்பிடும் 'டிஷ்', எழுதும் 'டெஸ்க்', நம் 'டிஸ்க்' மூன்றும் அதன் வாரிசுகள். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி, தமிழ் 'வட்டு'ம் கிட்டத்தட்ட இதே பாதையில் நடந்திருக்கிறது என்பதுதான். பள்ளி விளையாட்டு விழாவில் அது 'வட்டு எறிதல்'. பாண்டி ஆட்டத்தில் கட்டத்துக்குள் வீசுகிற ஓட்டுச் சில்லுக்கும் வட்டு என்று பெயர். சாப்பிடும் கலத்துக்கு வட்டில். தெற்கே போனால் கருப்பட்டியும் வட்டுதான். குறளில் கல்லாமை அதிகாரம் 'அரங்கின்றி வட்டாடியற்றே' என்றுதான் தொடங்குகிறது. கட்டம் கீறாமல் வட்டு ஆடுகிற மாதிரி, நூலறிவு இல்லாமல் சபையில் பேசுவது என்பது பொருள். ஃபார்மட் பண்ணாத டிஸ்க்கில் எழுதப் போகிறவனுக்கும் அப்படியே பொருந்துகிறது. தடமும் பகுதியும் கீறினால்தானே வட்டில் எழுத முடியும். சரி, இது என் குசும்பு. வள்ளுவர் தலையில் கட்டவேண்டாம்.

ஹார்ட் டிஸ்க்கை 'வன்தட்டு' என்று தட்டை வைத்து எழுதுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல். ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால் உள்ளே அலுமினியத்திலோ கண்ணாடியிலோ செய்த தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். தட்டு என்ற சொல்லை அந்த ஒவ்வொன்றுக்கும் விட்டுவைக்கலாம். மொத்தத்துக்கு 'வன்வட்டு' போதும்.

இப்போது, ஃப்ளாப்பிக்குத் தமிழில் சொல்கிற நெகிழ்வட்டில் உள்ள 'நெகிழ்'. நெகிழ்தல் என்றால் தளர்தல், இளகுதல், பிடி விடுதல். பிரிவால் மெலிந்த தலைவியின் கையிலிருந்து வளை நெகிழ்வது சங்கப் பாட்டில் வழக்கம். மனம் நெகிழ்வது நம் எல்லோருக்கும் பழக்கம். பிளாஸ்டிக்குக்கு 'நெகிழி' என்று பெயர் வந்ததும் இங்கிருந்துதான். இதோடு வட்டைச் சேர்த்தால் நெகிழ்வட்டு. இது வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி. நெகிழ்ந்த வட்டு, நெகிழ்கிற வட்டு, நெகிழும் வட்டு என்று மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருக்கிறது. அதனால் 'நெகிழ் வட்டு' என்று நடுவே இடம் விட்டு எழுதுவது சரியில்லை. ஊறு காய் என்று யாரும் எழுதுவதில்லையே.

இந்தச் சொல்லில் ஒரு வசதி இருக்கிறது. அது ஓட்டைப் பற்றிப் பேசவில்லை, வட்டைப் பற்றி மட்டும் பேசுகிறது. மூன்றரை அங்குலத்தின் தகரக் கதவை ஒதுக்கிப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் ஒரு படலம் தெரியும். ஏறத்தாழ 0.08 மி.மீ. கனமுள்ள பாலியெஸ்டர் தாள், அதன் இரண்டு பக்கமும் காந்தப் பூச்சு. வன்வட்டில், எழுதிப் படிக்கிற காந்தத் தலை காற்றில் மிதக்கும், தட்டைத் தொடாது. தொட்டால் அன்றோடு முடிந்தது. நெகிழ்வட்டில் தலை மேலும் கீழும் ஒட்டி உரசிக்கொண்டே படிக்கும். வட்டு நெகிழ்வதால்தான் அது முடிகிறது. இந்த உரசலைப் புரிந்துகொள்ளாமல் ஃப்ளாப்பி டிரைவில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு இரும்புப் பூட்டே பூத்துவிடும்; ஃப்ளாப்பி எம்மாத்திரம். ஒரு மழைக்காலத்தில் காயலாங்கடையிலிருந்து எடுத்துவந்த வட்டு ஒன்றைத் துடைத்தும் பார்க்காமல் டிரைவில் செருகினேன். 'க்ரீச்' என்று ஒரு சத்தம். திரையில் 'அபார்ட், ரீட்ரை, ஃபெயில்?' சரி, இந்த வட்டு போய்விட்டது என்று எடுத்துப் போட்டுவிட்டு, பத்திரமாக வைத்திருந்த இன்னொரு நல்ல வட்டைப் போட்டேன். அதுவும் அதே சத்தம். வெளியே எடுத்துக் கதவை ஒதுக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். பழுப்புப் பூச்சில் கண்ணாடி மாதிரி ஒரு வளையம், அதன் வழியாக ஜன்னல் கம்பி தெரிந்தது. முதல் வட்டின் பூஞ்சை தலையில் ஒட்டிக்கொண்டு, இரண்டாவது வட்டின் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டது. அந்த வளையத்தில் இருந்த எழுத்து இனி எந்த மந்திரத்துக்கும் திரும்பாது.

அதற்கப்புறம் வழக்கம் மாறியது. எந்த வட்டு வந்தாலும் முதலில் கதவை ஒதுக்கி, நடுக் குமிழைக் கையால் சுற்றிச் சுற்றி, டார்ச் அடித்துப் பார்க்கிறேன். சாம்பல் நிறத்தில் புள்ளியோ மேகமோ தெரிந்தால் அதை டிரைவுக்குள் விடுவதில்லை. ஐந்தேகால் என்றால் உறையின் மேல் விளிம்பைக் கத்தியால் கீறி வட்டை வெளியே உருவலாம். துளி பாத்திர சோப்பு கலந்த தண்ணீரில் மெதுவாகக் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, வேறொரு சுத்தமான உறைக்குள் போட்டுப் படிக்கலாம். தாளில் படிந்ததைக் கழுவலாம், உறைக்குள் ஒட்டியிருக்கிற துணிப் படலத்தைக் கழுவ முடியாது. உறையை மாற்றுவது அதனால்தான். தலையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைக்கவேண்டும். மேல் தலையைத் தூக்கிப் பிடித்துத் துடைக்கிற ஆசை வரும். வேண்டாம். அது மெல்லிய ஸ்பிரிங் தகட்டில் உட்கார்ந்திருக்கிறது. அளவுக்கு மேல் தூக்கினால் பழைய இடத்துக்கு வராது.

நெகிழ்வது வட்டு மட்டுமில்லை. பழைய ஐந்தேகால் டிரைவ்கள் பலவற்றில் வட்டைச் சுற்றுவது ஒரு ரப்பர் பெல்ட். தலைவியின் வளை போல அதுவும் காலப்போக்கில் நெகிழும். வட்டு நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றவேண்டும். பெல்ட் தளர்ந்தால் வேகம் குறைந்து, படிக்கும்போது தப்பு வரும். இதைச் சோதிக்க மீட்டர் கூட வேண்டாம், டியூப் லைட் போதும். டிரைவைக் கவிழ்த்தால் சுழலும் சக்கரத்தில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் இரண்டு வளையங்களாக அச்சடித்திருக்கும். ஒன்றில் 60, இன்னொன்றில் 50 என்று போட்டிருக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் போட்ட டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். வட்டு நொடிக்கு 5 சுற்று. ஆக ஒரு சுற்றுக்கு 20 மினுக்கு. வேகம் சரியாக இருந்தால் 50 என்று போட்ட வளையத்தின் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். வேகம் குறைந்தால் பின்னால் நகரும், கூடினால் முன்னால் ஓடும். போர்டில் இருக்கிற, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குட்டிப் பிரீசெட்டை ஸ்க்ரூ டிரைவரால் மயிரிழை திருப்பி நிறுத்தவேண்டும். எல்இடி விளக்கில் இந்த வித்தையை நம்ப முடியாது. அதற்காகவே எங்கள் மாடி அறையில் ஒரு கிழட்டு டியூப் லைட்டை வீட்டாரின் எதிர்ப்பையும் மீறிக் காப்பாற்றி வருகிறேன்.

டிரைவுக்குத் தமிழ் என்ன? 'இயக்கி' என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் டிரைவர் என்ற மென்பொருளுக்கும் இயக்கி என்றே பழகிவிட்டது. 'நெகிழ்வட்டு இயக்கிக்கு இயக்கி கிடைக்கவில்லை' என்று எழுதினால் படிக்கிறவர் என்ன செய்வார், பாவம். 'இயக்ககம்' என்று எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. 'வட்டகம்' என்றும் சொல்லலாம். என் ஓட்டு இதற்கே. நூலகத்தில் நூல் போய் உட்காருகிற மாதிரி வட்டகத்தில் வட்டு போய் உட்காருகிறது. ஆனால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் போய் 'நெகிழ்வட்டகம் இருக்கா?' என்று கேட்கச் சொல்லமாட்டேன். அங்கே 'ஃப்ளாப்பி டிரைவ்' என்றால்தான் தலை திரும்பும். எழுதும்போது நெகிழ்வட்டு, கேட்கும்போது ஃப்ளாப்பி. இரண்டையும் வைத்துக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை.

வட்டில் யாரும் எழுதாமல் தடுப்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஐந்தேகாலில் ஓரத்து வெட்டை ஸ்டிக்கரால் மூடினால் யாரும் எழுத முடியாது. மூன்றரையில் நேர் எதிர். மூலைத் துளை திறந்திருந்தால்தான் பாதுகாப்பு, மூடினால் எழுதலாம். பழைய வட்டைப் படிக்குமுன் இதைச் சரிபார்க்காதவர்கள் பட்ட பாடு தனிக் கதை. '1.44 எம்பி' என்ற அளவும் அப்படித்தான். 80 தடம், 2 பக்கம், 18 பகுதி, ஒவ்வொன்றிலும் 512 பைட். பெருக்கினால் 14,74,560. இதை ஒரு முறை 1024-ஆலும் இன்னொரு முறை 1000-ஆலும் வகுத்தால்தான் 1.44 வரும். எந்த வாய்ப்பாட்டிலும் இல்லாத கணக்கு.

சந்தையில் நான் கதவை ஒதுக்கி அந்தப் பழுப்புத் தாளைக் காட்டினேன். "இதுதாண்ணே உள்ள இருக்கிறது. தொளதொளன்னு இருக்கும். அதனாலதான் ஃப்ளாப்பி. தமிழ்ல நெகிழ்வட்டு."

"அட, கேசட்டு நாடா மாதிரி இருக்கே," என்றபடி அவர் கட்டை விரலை அதன்மேல் நன்றாக அழுத்தித் தடவிப் பார்த்தார்.

"ஐயோ, தொடாதீங்கண்ணே!"

பெட்டி நூறு ரூபாய் என்றார், எண்பதுக்குக் கொடுத்தார். அந்த ஒன்றை மட்டும் தனியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன், ரேகையைத் துடைத்தால் படிக்கிறதா பார்க்கலாம் என்று. படித்தது. உள்ளே இருந்தது ஒரு கல்யாணப் பத்திரிகை, யூனிகோடுக்கு முந்தைய ஏதோ ஒரு எழுத்துருவில். திரையில் முழுக்கக் கோணல்மாணல் குறிகள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் பொதுக் குறியீடு வகுப்பதற்கு முன்னால், கடைக்கு ஒரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியீடு. முகூர்த்த நேரத்தை மட்டும் எப்படியோ பிரித்துப் படித்துவிட்டேன். எண்கள் எல்லா எழுத்துருவிலும் ஒன்றுதானே. காலை 9.00 முதல் 10.30 வரை.