ஒரே தளபதியின் பெயரில் இத்தனை கவுண்டிகள் ஏன்?

அமெரிக்காவில் கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டத்தைப் போன்றது. நீதிமன்றம், நிலப்பதிவு, வரி வசூல் எல்லாம் அதன் பொறுப்பு. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகளின் பட்டியலைப் புரட்டினால், மான்ட்கோமரி என்ற பெயர் மேரிலாந்து, பென்சில்வேனியா, நியூயார்க், ஒஹாயோ என்று மாநிலத்துக்கு மாநிலம் வந்துகொண்டே இருக்கும்.

பெரும்பாலும் அது ரிச்சர்டு மான்ட்கோமரியைக் குறிக்கும். அயர்லாந்தில் பிறந்து, பிரிட்டிஷ் படையில் பணியாற்றி, பின்னர் நியூயார்க்கில் குடியேறிய அவர், விடுதலைப் போர் மூண்டதும் அமெரிக்கப் படையின் தளபதிகளுள் ஒருவரானார். 1775 நவம்பரில் மான்ட்ரியலைப் பிடித்தார். அடுத்தது கியூபெக். வீரர்கள் பலரின் சேவைக்காலம் அந்த ஆண்டோடு முடிய இருந்ததால், பொறுத்திருக்க வழியில்லை. டிசம்பர் 31 விடியுமுன், பனிப்புயலுக்கு நடுவே, ஆற்றோரத்துக் குறுகலான பாதையில் அவரே முன்னால் நடந்தார். எதிரே ஒரு காவல் வீட்டிலிருந்து வெடித்த பீரங்கி அவரைச் சாய்த்தது.

தோற்ற போரின் தளபதிக்கு இவ்வளவு சிறப்பா என்று நீங்கள் கேட்கலாம். பெயர்கள் தேவைப்பட்ட காலம் அது. குடியிருப்புகள் பரவப் பரவ, நிலப்பத்திரம் பதியவும் வழக்காடவும் மக்கள் நெடுந்தூரம் போக வேண்டியிருந்தது. அவர்கள் மனுக் கொடுத்ததும் சட்டமன்றம் பெரிய கவுண்டியைப் பிரித்துச் சட்டம் இயற்றும், எல்லைகளோடு புதிய பெயரும் அதிலேயே எழுதப்படும். அதுவரை அரச குடும்பத்தாரின் பெயர்களைச் சூட்டி வந்தவர்கள், அரசரையே எதிர்த்த பிறகு தங்கள் போர்வீரர்கள் பக்கம் திரும்பினார்கள். 1776இல் மேரிலாந்து தன் ஃபிரெடரிக் கவுண்டியைப் பிரித்து, ஒரு பகுதிக்கு வாஷிங்டன் என்றும் மற்றொன்றுக்கு மான்ட்கோமரி என்றும் பெயரிட்டது. பிரிட்டிஷ் ஆளுநர் டிரையனின் பெயரில் இருந்த கவுண்டியை நியூயார்க் 1784இல் மான்ட்கோமரி ஆக்கியது. மேற்கே குடிபெயர்ந்தவர்கள் அங்கும் அதே பெயரைச் சூட்டினார்கள்.

இத்தனை மான்ட்கோமரிகளும் குழம்பாமல் இருக்க, ஒவ்வொரு கவுண்டிக்கும் ஐந்து இலக்க எண் உண்டு: முதல் இரண்டு இலக்கம் மாநிலத்துக்கு, மீதி மூன்று கவுண்டிக்கு. மேரிலாந்தின் மான்ட்கோமரி 24031, அலபாமாவினுடையது 01101. அகரவரிசைப்படி பெரும்பாலும் ஒற்றைப்படை எண்களையே கொடுத்திருப்பதால், புதிதாக ஒரு கவுண்டி பிறந்தாலும் நடுவில் செருக இடம் இருக்கும்.

எண் தீர்க்காத குழப்பம் ஒன்று அலபாமாவில் இருக்கிறது. அங்குள்ள மான்ட்கோமரி நகரம், 1819இல் ரிச்சர்டு மான்ட்கோமரியின் நினைவாகப் பெயர் பெற்றது. ஆனால் அந்த நகரம் அமைந்திருக்கும் மான்ட்கோமரி கவுண்டி, 1814இல் ஹார்ஸ்ஷூ பெண்ட் போரில் இறந்த லெமுவேல் மான்ட்கோமரி என்ற வேறொரு படை அதிகாரியின் பெயரைத் தாங்கியது.