ஸ்பான்சர்ஷிப்: உபயமா, பொறுப்பேற்பா?

இங்கிலாந்தில் முதுகலை முடித்த பிள்ளையைப் பெற்றவர்களிடம் பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் இப்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, “பிள்ளைக்கு ஸ்பான்சர் கெடச்சிட்டா?” என்பதாகும். கேட்பவர் மனத்தில் இச்சொல்லுக்கு உள்ள பொருளும் பிரித்தானியக் குடிவரவு விதிகளில் அதற்கு உள்ள பொருளும் வேறு வேறானவை. ஒரு நிறுவனம் மனமுவந்து செய்யும் உதவி என்றோ, பணம் கொடுத்தால் கைக்கு வந்துவிடும் ஒரு தாள் என்றோதான் இங்குப் பலரும் அதை எண்ணுகிறார்கள். தரகர்கள் இலட்சக் கணக்கில் பணம் கேட்கத் துணிவது இந்த எண்ணத்தை நம்பித்தான் என்பதால், சொல்லின் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வது குடும்பங்களுக்கு உடனடியாகப் பயன்படக்கூடிய காரியம்.

வெளிநாட்டவர் ஒருவரை வேலைக்கு அமர்த்தும் நிறுவனம், அவர் செய்யப்போகும் வேலை இன்னது, அதற்குத் தரும் சம்பளம் இவ்வளவு, அவர் வேலையைவிட்டு நீங்கினால் தெரிவிப்போம் என்று அந்நாட்டு அரசுக்குக் கொடுக்கும் உறுதிமொழியே ஸ்பான்சர்ஷிப். உறுதிமொழி அரசுக்குக் கொடுக்கப்படுகிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பணியாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலுள்ள வேலை ஒப்பந்தம் இதனின்று வேறானது.

நெல்லைச் சீமையில் இச்சொல் வேறு வாசல் வழியாக நுழைந்தது. கிராமத்துக் கபடிப் போட்டிக்குச் சட்டை எடுத்துக் கொடுத்த கடைக்காரரும், கல்லூரி விழாவுக்குப் பணம் தந்து பதாகையில் பெயர் போட்டுக்கொண்ட நகைக்கடையும்தான் நமக்கு முதலில் அறிமுகமான ஸ்பான்சர்கள். அதற்கும் முன்பே நம்மிடம் அந்தப் பொருளுக்குச் சொற்கள் இருந்தன: கோயில் திருவிழாவில் ஒரு நாள் செலவை ஏற்றுக்கொள்பவர் மண்டகப்படிதாரர், குழல்விளக்கின் மேல் பெயர் எழுதி வைத்தவர் உபயதாரர். ஆகவே புதிதாக வந்த ஆங்கிலச் சொல், உபயம் என்ற பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. உபயத்தில் கொடுப்பவருக்குப் புண்ணியமும் பெயரும் உண்டு. யாருக்கும் பதில் சொல்லும் கடமை கிடையாது. வேலை விசாவில் நடப்பது இதற்கு நேர்மாறு.

சொல்லின் பிறப்பிடம் லத்தீன். ‘ஸ்பொந்தேரே’ என்ற வினைக்கு முறைப்படி வாக்குக் கொடுத்தல் என்று பொருள். பண்டைய ரோமாபுரிச் சட்டத்தில் ஒருவர் “வாக்குத் தருகிறாயா?” என்று கேட்க, மற்றவர் “தருகிறேன்” என்று அதே வினையால் மறுமொழி சொன்னால் ஒப்பந்தம் உறுதியாகிவிடும். அவ்வாறு வேறொருவருக்காக வாக்குக் கொடுத்து, அவருடைய கடமைக்குத் தானும் பொறுப்பாளி ஆகிறவர் ‘ஸ்பொன்சோர்’ எனப்பட்டார். ஆங்கிலத்தில் இச்சொல் 17ஆம் நூற்றாண்டில் புழங்கத் தொடங்கியபோது, திருமுழுக்கில் குழந்தையின் சார்பாக வாக்குக் கொடுப்பவரைக் குறித்தது. பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஞானத்தாய் என்றும் ஞானத்தகப்பன் என்றும் தலைமுறைகளாக அழைத்துவரும் உறவே அது. செலவை ஏற்று விளம்பரம் பெறுகிறவர் என்ற பொருள் மிகப் பிந்தியது. 1930களில் அமெரிக்க வானொலி நிகழ்ச்சிகளுக்கு வணிக நிறுவனங்கள் பணம் கொடுத்த காலத்தில்தான் அது நிலைபெற்றது. நமக்கு முதலில் வந்து சேர்ந்தது கடைசியாகப் பிறந்த இந்தப் பொருள்தான்.

இன்னொரு திசையிலிருந்தும் நெல்லைக்கு ஒளி கிடைக்கிறது. மேலப்பாளையத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் வளைகுடா சென்று வந்த பெரியவர்களுக்குக் ‘கஃபீல்’ என்ற அரபுச் சொல் நன்கு பழக்கம். அதன் பொருளும் பிணை நிற்பவர், பொறுப்பேற்பவர் என்பதே. லத்தீனும் அரபும் தனித்தனியே ஒரே கருத்துக்கு வந்து சேர்ந்திருப்பது, வேலை விசாவின் நடுவில் இருப்பது பொறுப்பு என்பதை உறுதிப்படுத்துகிறது. ஆனால் கஃபீல் முறையின் எல்லாக் கூறுகளையும் பிரித்தானியாவுக்குப் பொருத்திவிடக் கூடாது. கஃபீலின் சம்மதம் இல்லாமல் வேலை மாற முடியாத நிலையை நம் ஊர்க்காரர்கள் பலர் அனுபவித்திருக்கிறார்கள். பிரித்தானியாவில், உரிமம் பெற்ற வேறொரு நிறுவனம் பொறுப்பேற்க முன்வந்தால், பழைய முதலாளியின் அனுமதியைக் கேட்காமலே புதிதாக விண்ணப்பித்து இசைவு கிடைத்தபின் மாறிக்கொள்ளலாம்.

இதற்குச் சரியான தமிழ்ச் சொல் எது என்ற கேள்விக்குப் பலரும் முதலில் தரும் விடை ‘புரவலர்’ என்பதாகும். புரத்தல் என்றால் காத்தல். சொல் அழகானதுதான், ஆயினும் சங்கப் பாடல்களில் புரவலர் என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல்லாக இரவலர் நிற்கிறார். தன் படிப்பாலும் உழைப்பாலும் வேலை பெறும் பட்டதாரியை இரவலர் இடத்தில் நிறுத்தும் சொல்லை விசாவுக்கு ஆள்வது அவருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். இலக்கிய அமைப்புகளுக்கு நன்கொடை தருபவர்களுக்கு அது பொருந்தும், அங்கேயே இருக்கட்டும். இலங்கைத் தமிழர் வழங்கும் ‘அனுசரணை’ அங்கே தொலைக்காட்சியிலும் விளையாட்டிலும் நன்றாக நிலைத்த சொல். நம் பக்கத்தில் “அனுசரணையாப் பேசு” என்றால் இதமாகப் பேசு என்றுதான் பொருள்படும் என்பதால், இங்கு அது குழப்பத்தையே தரும்.

‘பிணை’, ‘ஜாமீன்’ ஆகிய இரண்டும் மூலப்பொருளுக்கு மிக நெருங்கியவை. கல்விக்கடன் வாங்கும்போது வங்கியில் உத்தரவாதக் கையெழுத்துப் போட்ட எவருக்கும் இக்கருத்து உடனே புரியும். இருந்தாலும் நீதிமன்றத்தின் வாடை அவற்றில் வீசுகிறது. பிணைத்தல் என்பதற்குக் கட்டிப்போடுதல் என்ற பொருளும் உடன் வருகிறது. மேலும், நிறுவனம் பணியாளரின் கடனுக்கோ குற்றத்துக்கோ ஜாமீன் நிற்பதில்லை. எனவே ‘பொறுப்பேற்பு’ என்ற எளிய சொல்லே இவ்விடத்துக்கு ஏற்றது. ஸ்பான்சர் என்பவர் பொறுப்பேற்பாளர், அரசு அவருக்குக் கொடுப்பது பொறுப்பேற்பு உரிமம், பேச்சில் சி.ஓ.எஸ். (சர்டிஃபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப்) எனப்படுவது பொறுப்பேற்புச் சான்று. கூட்டுச்சொற்களிலும் இது இடறாமல் வருகிறது.

சான்று என்று சொன்னாலும் அது கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் காகிதம் அன்று. நிறுவனம் அரசின் கணினியில் பதிவுசெய்யும் விவரமும், அதற்குரிய தனி எண்ணுமே அது. எண் வழங்கப்பட்ட 3 மாதங்களுக்குள் விசாவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பிரித்தானிய அரசே இணையத்தில் வெளியிட்டிருக்கிறது. திருநெல்வேலியில் இருந்துகொண்டே எவரும் அதைத் திறந்து பெயரைச் சரிபார்க்கலாம். பட்டியலில் பெயர் இருப்பது முதற்படி மட்டுமே. உண்மையான வேலையும் அதற்குரிய சம்பளமும் இருந்தால்தான் சான்று செல்லுபடியாகும்.

பொறுப்பு என்ற சொல்லின் கனம், நிறுவனம் ஏற்கும் கடமைகளில் தெரிகிறது. பணியாளர் சொன்ன நாளில் சேராவிட்டாலும், தொடர்ந்து 10 வேலைநாட்களுக்கு மேல் அனுமதியின்றி வராவிட்டாலும், வேலையைவிட்டு நீங்கினாலும் 10 வேலைநாட்களுக்குள் உள்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் உரிமமே பறிபோகலாம். வேலை போன தகவல் சென்றபின், பணியாளரின் விசா பெரும்பாலும் 60 நாட்களாகச் சுருக்கப்படும். அதற்குள் வேறொரு பொறுப்பேற்பாளரைத் தேட வேண்டும், இல்லையேல் ஊர் திரும்ப வேண்டும். செலவிலும் இதே கணக்குத்தான். குடிவரவுத் திறன் கட்டணம் என்ற ஒன்றை நிறுவனம் அரசுக்குச் செலுத்துகிறது. 2025 டிசம்பர் 16 முதல் அது பெரிய நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 1,320 பவுண்டு, சிறிய நிறுவனங்களுக்கு 480 பவுண்டு. இதைப் பணியாளரின் தலையில் சுமத்துவது விதிமீறல். 2024 டிசம்பர் 31 முதல், உரிமக் கட்டணத்தையும் சான்றுக்கான கட்டணத்தையும்கூடத் திறன்பணியாளரிடம், அதாவது ‘ஸ்கில்டு வொர்க்கர்’ விசாவில் வேலை செய்பவரிடம், வசூலிக்கக் கூடாது. விண்ணப்பதாரர் கட்ட வேண்டியவை விசாக் கட்டணமும், ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் மருத்துவ மேல்வரியும். “சி.ஓ.எஸ். வாங்கித் தருகிறேன், இவ்வளவு தாருங்கள்” என்று எவரேனும் கேட்டால், விற்கக் கூடாத ஒன்றை அவர் விற்கிறார் என்று பொருள். அப்படி வாங்கிய பிள்ளையின் விசாவும் எந்நாளும் ஆபத்தில்தான் இருக்கும்.

அடுத்து, பட்டதாரி இசைவு (கிராஜுவேட் விசா): பிரித்தானியாவில் படிப்பை முடித்தவர் அங்கேயே தங்கி வேலை செய்யத் தரப்படும் அனுமதி. இதை இன்னும் ‘பி.எஸ்.டபிள்யூ’ (போஸ்ட் ஸ்டடி வொர்க்) என்றே அழைக்கிறோம். அப்பெயரில் இருந்த பழைய வழி 2012 ஏப்ரலிலேயே மூடப்பட்டது. இப்போதுள்ளது 2021 ஜூலை 1 அன்று தொடங்கிய புதிய வழி. இதில் பொறுப்பேற்பாளர் எவரும் தேவையில்லை. ஏறக்குறைய எந்த வேலையும் செய்யலாம். காலம் 2 ஆண்டுகள், முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு 3 ஆண்டுகள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளங்கலை, முதுகலைப் பட்டதாரிகளுக்கு இது 18 மாதங்களாகக் குறைகிறது.

இந்தக் காலத்தைச் செலவழிக்கும் விதத்தில்தான் பலர் இடறுகிறார்கள். 2025 ஜூலை 22 முதல் திறன்பணியாளர் விசாவுக்கு ஆண்டுச் சம்பளம் பொதுவாக 41,700 பவுண்டு, அல்லது அந்தத் தொழிலுக்கென்று குறித்த சம்பளம், இவற்றில் எது கூடுதலோ அது இருக்க வேண்டும். வேலையும் பொதுவாகப் பட்டப்படிப்பு நிலையில் அமைய வேண்டும். பட்டதாரி இசைவிலிருந்து மாறுகிறவர் ‘புதுவரவு’ என்ற பிரிவில் சேர்வதால், அவருக்கு 33,400 பவுண்டும், தொழிற்சம்பளத்தில் 70 விழுக்காடும் போதும். ஆனால் இச்சலுகையில் இருக்கக்கூடிய 4 ஆண்டுகளில், பட்டதாரி இசைவில் கழிந்த காலமும் சேர்த்தே எண்ணப்படும். 2 ஆண்டுகளையும் முழுதாகக் கழித்துவிட்டு மாறினால், குறைந்த சம்பள வரம்பு இன்னும் 2 ஆண்டுகளுக்குத்தான் உதவும். அதற்குப் பின் முழுச் சம்பளத்துக்கு உயர்த்த நிறுவனம் சம்மதிக்க வேண்டும். ஆகவே, “கடைசி ஆறு மாசத்துல பாத்துக்கிடலாம்” என்று இங்கிருந்து சொல்லப்படும் ஆறுதல் பிள்ளைகளுக்கு நன்மை செய்வதில்லை.

இந்த நகர்வை ‘எக்ஸ்டென்ஷன்’, ‘நீட்டிப்பு’ என்று சொல்வதும் தவறு. பட்டதாரி இசைவை நீட்டிக்க வழியே கிடையாது. நிகழ்வது ஓர் இசைவிலிருந்து வேறோர் இசைவுக்கு மாறுதல். எனவே ‘இசைவு மாற்றம்’ என்று சொல்வதே சரி. பழைய இசைவு முடியும் நாளுக்கு முன்பே, நாட்டுக்குள் இருந்தபடி முறையாக விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய இசைவின் நிபந்தனைகளோடு தொடர்ந்து இருக்கவும் வேலை செய்யவும் 1971ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் இடந்தருகிறது. அந்தக் காத்திருப்புக் காலத்தில் அவசரமாக ஊருக்குப் புறப்பட்டு வந்தால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கொள்ளப்படும் என்பதால், திருமண நாள் குறிக்கும் பெற்றோர் முடிவு வந்த பிறகே பயணச்சீட்டு எடுக்கச் சொல்ல வேண்டும்.