எட்டு ‘யெஸ் சேர்’

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு ஐயா. ஈரல் சுருங்கும் நோயால் மண்ணீரல் நன்றாக வீங்கியிருந்தது. கொழும்பில் ஒரு மருத்துவ வாட்டில் அவருடைய வயிற்றைத் தொட்டுக் காட்டிவிட்டு, மாணவர்களை ஒவ்வொருவராகக் கை வைத்துப் பார்க்கச் சொன்னேன். தெரிகிறதா என்று கேட்டதற்கு எட்டுப் பேரும் ‘யெஸ் சேர்’. சரி என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

வாட் கிளாஸ் முடிந்து படியிறங்கும்போது ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்தார். “சேர், எனக்கு ஒண்டுமே தெரியேல்ல. முன்னால நிண்ட எல்லாரும் தெரியுதெண்டு சொன்னாங்க, அதான் நானும்...” முன்னால் நின்றவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

என் ஆசிரியர்கள் காலத்தில் பெரிய மண்ணீரல் என்றால் முதலில் மலேரியா. 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்துவிட்டது. இன்றைய மாணவருக்கு அப்படியொரு வயிறு அடிக்கடி கிடைப்பதில்லை. கிடைத்த ஒன்றை நான் வீணாக்கியிருந்தேன்.

எங்களுக்கு யாரும் கற்பிக்கக் கற்றுத் தரவில்லை. ஐந்து வருடம் எம்பிபிஎஸ், ஒரு வருடம் இன்டர்ன், அப்புறம் மேற்படிப்பு. நிபுணராகி வாட்டுக்கு வந்த அன்றே பின்னால் ஒரு மாணவர் கூட்டம் நிற்கும். நோயைத் தெரிந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறோம். கொழும்பு மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1870இல். அந்த நினைப்புக்கும் கிட்டத்தட்ட அதே வயதிருக்கும்.

அந்த மாணவிக்குப் பிறகுதான் ரொட்னி பெய்டன் என்ற வட அயர்லாந்துச் சத்திரசிகிச்சை நிபுணர் 1998இல் எழுதிய, செய்முறை கற்பிக்கும் நான்கு படி முறையை ஒழுங்காகப் பயன்படுத்தத் தொடங்கினேன். முதலில், பேசாமல், வழமையான வேகத்தில் செய்து காட்டுவது. இரண்டாவது, விளக்கிக்கொண்டே மெதுவாகச் செய்வது. மூன்றாவது, மாணவர் சொல்லச் சொல்ல நாம் செய்வது. கடைசியாக அவரே சொல்லிக்கொண்டு செய்வது.

உயிர் மூன்றாவது படியில் இருக்கிறது. “நீங்க சொல்லுங்க, நான் செய்றன்” என்று கையைக் கட்டிலுக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றேன். “இடது விலாவுக்குக் கீழ கைய வைங்க சேர்” என்றார் ஒரு பையன். வைத்தேன். பிழை அங்கேயே பிடிபட்டது. மண்ணீரல் வீங்கும்போது வலது அடிவயிற்றை நோக்கிக் குறுக்காக இறங்கும். மிகப் பெரியதாக இருந்தால், விலாவுக்குக் கீழே வைத்த கை அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும். விளிம்பு அகப்படவே அகப்படாது. அதனால் வலது அடிவயிற்றிலிருந்து தொடங்க வேண்டும். பையன் இதைப் புத்தகத்தில் படித்துத்தான் இருந்தான். வாயால் சொல்ல வந்தபோதுதான் ஓட்டை தெரிந்தது.

என் ஓட்டையும் தெரிந்தது. மூச்சை உள்ளே இழுக்கும்போது என் விரல்கள் அசையாமல் காத்திருக்கின்றன. வெளியே விடும்போது ஒரு விரலளவு மேலே நகர்கின்றன. விளிம்பு தானாக வந்து தட்டும். வருடக்கணக்காகக் கை இதைச் செய்து வந்திருக்கிறது, வாய் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் கையை நகர்த்திக்கொண்டே இருப்பதாக நினைத்து மாணவர்கள் வயிற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்கள், பாவம் அந்த ஐயா.

கிளினிக்கில் இதற்கெல்லாம் நேரம் கிடையாது. அங்கே 1992இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் எழுதிய ‘ஒரு நிமிட’க் கற்பித்தல் முறையின் முதல் இரண்டு கேள்விகள் போதும்: என்ன நோய் என்று நினைக்கிறீர்கள்? ஏன்? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் கஷ்டம். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ பள்ளி வகுப்புகளில் அளந்து சொன்னார். மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன என்றும் கண்டார். நான் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுகிறேன்.

கொழும்புக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. ஒரு குரூப்பில் தமிழ் தெரிந்தவர் ஒன்றிரண்டு பேர் இருந்தால், தமிழ் நோயாளி வந்ததும் அவர்களை மொழிபெயர்ப்பாளர் ஆக்கிவிடுகிறோம். மற்றவர்கள் யோசிக்க, இந்தப் பிள்ளை மொழிபெயர்த்துக்கொண்டு நிற்கும். நோயாளி “ஏலாம இருக்கு டொக்டர்” என்பார். களைப்பா, மூச்சுத் திணறலா, நோவா? அந்த ஒரு சொல்லுக்குள் எல்லாமே இருக்கலாம். அதை ‘வீக்னஸ்’ என்று மொழிபெயர்த்தவுடனே நோயின் பாதி வரலாறு போய்விடும். இப்போது சிங்கள மாணவரையே தெரிந்த தமிழில் கேட்கச் சொல்கிறேன். தமிழ் மாணவி பக்கத்தில் நின்று, எங்கே தவறிப்போனது என்று பிறகு சொல்வார். சிங்கள நோயாளியிடம் இதையே திருப்பிச் செய்கிறோம். நேரம் பிடிக்கும். நோயாளிகள் சிரிப்பார்கள், திருத்துவார்கள்.

கட்டிலில் கிடப்பவரின் காதை நாங்கள் மறந்துபோகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு முறை மாணவர்களோடு ஆங்கிலத்தில் வேறு சாத்தியங்களைப் பேசிவிட்டுத் திரும்பினால், ஓர் அம்மாவின் கண் கலங்கியிருந்தது. “கென்சர் எண்டு சொன்னீங்க தானே மகன்?” இல்லை என்பதற்காகத்தான் அந்தச் சொல்லைச் சொன்னோம். அவருக்கு எட்டியது அது ஒன்றுதான்.

போன மாதம் ஒரு நண்பரை, அவரும் வைத்தியர், என் வகுப்பில் பின்னால் நின்று பார்க்கச் சொன்னேன். ஃபோனில் நேரம் பிடித்திருக்கிறார். நாற்பது நிமிடத்தில் மாணவர்கள் பேசியது ஒன்பது நிமிடம். நான் பாதிக்குப் பாதி என்று நினைத்திருந்தேன். நோயாளி எவ்வளவு நேரம் பேசினார் என்று அவர் பார்க்கவில்லை. அடுத்த கிழமை அதையும் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன்.