ஸ்கேட்போர்டு பேரிங்: குண்டுக்கும் குண்டுக்கும் நடுவே

அண்ணன் மகன் போன வாரம் ஸ்கேட்போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றான். "சித்தப்பா, வீல் கரகரங்குது. ஏபெக் 9 பேரிங் வாங்கட்டுமா? 5-ஐவிட ரெண்டு மடங்கு வேகமாப் போகுமாம்."

புதுசு வாங்குவது இருக்கட்டும், முதலில் பழசைத் திறந்து பார்ப்போம் என்று தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தோம். ஒரு போர்டுக்கு நான்கு சக்கரம், சக்கரத்துக்கு இரண்டு வீதம் எட்டு பேரிங். அநேகமாக எல்லா போர்டிலும் 608 என்ற ஒரே அளவுதான்: துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ., அகலம் 7 மி.மீ. 2017-இல் வகுப்பறைகளைப் பாடாய்ப்படுத்திய ஃபிட்ஜெட் ஸ்பின்னரின் நடுவில் இருந்ததும் பெரும்பாலும் இதுவே. ஊக்கு முனையால் ரப்பர் மூடியை நெம்பினேன். உள்ளே ஏழு எஃகுக் குண்டுகள், அவற்றைத் தள்ளித் தள்ளி உட்காரவைத்த ஒரு நைலான் கூண்டு, இண்டு இடுக்கெல்லாம் பெசன்ட் நகர் மணல். கரகரப்புக்குக் காரணம் தெரிந்துவிட்டது.

இழுப்பதைவிட உருட்டுவது சுலபம் என்று பள்ளியில் படித்திருக்கிறோம், அதை விடுங்கள். எனக்குப் பிடித்தது அந்தக் கூண்டு.

பெரிய கல்லுக்கு அடியில் உருளைக் கட்டைகளைப் போட்டுத் தள்ளுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கல் இரண்டு அடி போனால் கட்டை ஒரு அடிதான் போகும். கட்டையின் அடிப்பக்கம் தரையைத் தொடும் கணத்தில் நகராமல் நிற்கிறது, மேல்பக்கம் கல்லோடு ஓடுகிறது, நடுப்பகுதிக்குப் பாதி வேகம். பேரிங்கிலும் இதே கதைதான். ஆக்ஸிலோடு இறுகிய உள்வளையம் தரை, சக்கரத்தோடு சுற்றும் வெளிவளையம் கல். ஆனால் இங்கே கல்லும் தரையும் வட்டமாக இருக்கின்றன, வெளிவட்டம் பெரியது. அதனால் கணக்கு சரிபாதிக்கு வராமல் கொஞ்சம் கூடுகிறது. பென்சிலில் பேரிங்கை இறுக்கமாகச் செருகி, வெளிவளையத்தில் ஒன்றும் கூண்டில் ஒன்றுமாக மார்க்கர் புள்ளி வைத்துச் சுற்றிப் பாருங்கள். வெளிவளையம் பத்துச் சுற்று முடிக்கும்போது கூண்டு ஆறேகால் சுற்றுக்குப் பக்கத்தில் வந்திருக்கும். அண்ணன் மகன் மூன்று முறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினான்.

சரி, கூண்டு எதற்கு? கரும்புச்சாறு மிஷினில் பக்கத்துப் பக்கத்து உருளைகள் எதிரெதிர்த் திசையில் சுற்றும். அதனால்தான் சந்திக்கும் இடத்தில் இரண்டின் பரப்பும் ஒரே பக்கம் ஓடிக் கரும்பை உள்ளே இழுக்கின்றன. பேரிங் குண்டுகளோ எல்லாமே ஒரே திசையில் சுற்றுபவை. இரண்டு குண்டுகள் தொட்டுக்கொண்டால், தொடும் இடத்தில் ஒன்றின் பரப்பு மேலே ஓடும், மற்றதின் பரப்பு கீழே ஓடும். உராய்வைத் தவிர்க்கப் போட்ட குண்டுகளே ஒன்றையொன்று தேய்த்துக்கொள்ளும். கூண்டு அவற்றைப் பிரித்து வைக்கிறது. எடையைத் தாங்குவது அதன் வேலை இல்லை என்பதால் நைலானே போதும். ஒரு பைசா பெறாத பிளாஸ்டிக் போல் இருக்கும், அது உடைந்தால் பேரிங் அவ்வளவுதான்.

இப்போது அந்த 9. ஏபெக் என்பது அமெரிக்க பேரிங் பொறியாளர் குழு ஒன்றின் பெயர்ச்சுருக்கம். 1, 3, 5, 7, 9 என்று அவர்கள் தரும் எண்கள் வேகத்தைச் சொல்வதில்லை. வளையங்களின் அளவு எவ்வளவு பிசகலாம் என்பதைச் சொல்கின்றன. 608-இன் 8 மி.மீ. துளையில் ஏபெக் 1-க்கு 8 மைக்ரான் வரை குறையலாம், ஏபெக் 9-க்கு 2.5 மைக்ரான். வித்தியாசம் ஐந்தரை மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தத் துல்லியத்தைக் கொண்டுபோய் அமுக்கினால் அமுங்கும் பாலியூரிதேன் சக்கரத்துக்குள் திணிக்கிறோம். 52 மி.மீ. சக்கரம் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்று சுற்றும். சாதாரண 608 பேரிங்கே 20,000-க்கு மேல் தாங்கும். குண்டு எவ்வளவு வழவழப்பு, எஃகு என்ன தரம், உள்ளே என்ன எண்ணெய் என்பதையெல்லாம் இந்த எண் சொல்லாது. ஆனாலும் வண்டி நம்பரின் கூட்டுத்தொகை 9 வர வேண்டும் என்று கூடுதல் பணம் கட்டுகிற ஊரில், பேரிங் டப்பாவில் 9 போட்டால் விற்காதா என்ன?

கடையில் சக்கரத்தைச் சுண்டிவிட்டு, எவ்வளவு நேரம் சுற்றுகிறது பார் என்பதும் இந்த ரகம்தான். அப்போது சக்கரத்தின் மேல் ஆள் இல்லை. கெட்டி கிரீஸ் போட்ட நல்ல பேரிங் சீக்கிரம் நின்றுவிடும், எண்ணெயே இல்லாத மட்டமான பேரிங் ஓயாமல் சுற்றும்.

அதற்குப் பதிலாக நான் பார்ப்பவை வேறு. மூடி ரப்பராக இருந்து, கழற்றி மாட்ட வருகிறதா? கடற்கரை ஊரில் இதுதான் முதல் கேள்வி. இரண்டு பேரிங்குக்கும் நடுவே நிற்கும் குழாய்த்துண்டும், நட்டு மூடியில் உரசாமலிருக்க இரண்டு பக்கமும் சின்ன வாஷரும் இருக்கின்றனவா? குழாய் இல்லாமல் நட்டை முறுக்கினால் உள்வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி நெருங்கி, குண்டுகள் பள்ளத்தின் ஓரத்தில் ஏறி ஓடும். செராமிக் குண்டு துருப்பிடிக்காது, எடையும் குறைவு. ஆனால் வளையம் எஃகு, அது துருப்பிடிக்கும். படிக்கட்டில் குதிக்கும்போது கடினமான குண்டு அந்த எஃகில்தான் குழி போடும். விலைக்குத் தக்க லாபம் இல்லை என்பது என் கட்சி.

எட்டையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் குலுக்கிக் காயவைத்தோம். "தேங்காய் எண்ணெய் விடலாமா?" என்றான். மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் அது என்ன ஆகிறது என்று கேட்டேன், சிரித்துவிட்டான். ஆளுக்கு நான்காகப் பிரித்துக்கொண்டு தையல் மிஷின் எண்ணெய் இரண்டிரண்டு சொட்டு விட்டோம். ஆறு தேறின. மற்ற இரண்டிலும் ஓடுபாதையில் நகத்துக்குத் தட்டுப்படும் குழி, அவன் மாடிப்படியில் குதித்ததன் கணக்கு. அந்த இரண்டுக்கு மட்டும் புதுசு, எண் எதுவும் போடாத 608.